சத்தம் போடாத பழக்கம்

மலைநாடு என்றால் எனக்குக் கலண்டர்ப் படம்தான். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் குசினிச் சுவரில் வருடா வருடம் ஒரு நகைக்கடைக் கலண்டர் தொங்கும். அதில் ஏதோ ஒரு மாதத்துக்குத் தேயிலைத் தோட்டம் வரும். பச்சையாக, அழகாக, மேலே கொஞ்சம் பனியோடு இருக்கும். பார்த்துவிட்டு அடுப்பைப் பார்ப்பேன். அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. கடலோரம் பிறந்து வளர்ந்தவள் நான். காலுக்குக் கீழே நிலம் தட்டையாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

போன வருடம், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் அங்கிருந்தபடியே ஹப்புத்தளையில் ஒரு தங்குமிடத்தில் எங்கள் இருவருக்கும் அறை எடுத்துவிட்டாள். எங்களுடைய கலியாண நாளுக்கு அவள் தரும் பரிசாம். கட்டிலில் படுத்தபடியே மலையைப் பார்க்கலாம் என்று படங்களும் அனுப்பினாள். ஒருமுறையாவது அப்பாவோடு எங்கேயாவது போய்வரும்படி போனில் சொன்னாள். என் கணவருக்கு உடனே சந்தோசம். நான் அன்றைக்கே பயப்படத் தொடங்கினேன்.

உயரத்துக்கு மட்டும் நான் பயப்படவில்லை. இவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போடுகிறார். போட்ட பிறகு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். பிந்தினால் சீனி இறங்கிவிடும். முதலில் வேர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு பேச்சுத் தடுமாறும். அதற்கும் பிந்தினால் மயக்கம்தான். வீட்டில் ஒருநாள் புட்டு அவியப் பிந்திய காலையில் இதை நான் பார்த்திருக்கிறேன். குசினி வாசலில் வந்து நின்று என்னை உற்றுப் பார்த்து, "நீர் ஆர்?" என்று கேட்டார். சீனித் தண்ணீர் பருக்கிய பிறகு, தான் அப்படிக் கேட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை. நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு சேர்ட்டுப் பையிலும் டொபி போட்டு வைக்கிறேன். தோய்க்கும்போது எடுக்க மறந்தால் அது கரைந்து பையோடு ஒட்டிவிடும். அவருடைய சேர்ட்டுகளில் அந்தக் கறை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கலியாண வீடுகளில் அவர் கையை நெஞ்சில் வைத்தபடி நிற்பதற்குக் காரணம் மரியாதை என்று ஆட்கள் நினைக்கிறார்கள்.

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினோம். மடியில் இடியப்பப் பார்சல், பிஸ்கட், வாழைப்பழம் என்று ஒரு கடையையே வைத்திருந்தேன். மலை தொடங்கியதும் ரயில் ஓரத்தில் நிலமே இல்லாத மாதிரித் தெரிந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் என் கணவரின் முழங்கையைப் பிடித்தபடி அடுத்த பக்கத்து யன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "கண்ணை மூடிக்கொண்டு போறதெண்டால் வீட்டிலயே படுத்திருக்கலாமே" என்றார்.

காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். கொழும்பில் எங்கள் வயதுக்காரர் பலருக்கு அது பழக்கம். சண்டைக் காலத்தில் பஸ்ஸில் ஏறியதும் வாயை மூடிவிடுவோம். சொல்ல ஏதும் இருந்தால் காதோடு சொல்வோம், அல்லது வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சொல்வோம். வழி கேட்டாலும், சாமான் வாங்கினாலும், முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் வார்த்தை சிங்களத்தில்தான் வரும். இப்போது ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மகள் சிரிப்பாள். உண்மைதான். ஆனாலும் வாய் திறந்தால் அப்படித்தான் திறக்கிறது. அதற்கு மேலே நான் இயற்கையிலேயே கூச்சக்காரி. சந்தையில் மீன்காரன் தானாக என்னைக் கண்டு என்ன வேண்டும் என்று கேட்கும்வரை நிற்பேன். சில நாள் அவன் காண்பதற்குள் நல்ல மீனெல்லாம் போய்விடும்.

தங்குமிடம் ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, தேயிலைக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு சிங்கள அம்மா. அன்பானவர். அன்று பின்னேரம் வெயில் எறித்தது. யன்னலுக்கு வெளியே மலை படிப்படியாக இறங்கி, தூரத்தில் கீழ்நாட்டுச் சமவெளி நீலமாகத் தெரிந்தது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் யன்னலுக்குக் கிட்டப் போகப் போக நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன். இரவு குளிரில், பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கி வந்த தடித்த கம்பளிச் சட்டையை அவர் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைக்குப் பை இல்லை. அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது நான் குளிக்கப் போனேன். சாப்பாடு வந்துகொண்டிருக்கிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். குளியலறைக் கதவில் தட்டி, "சாப்பாடு வர முதல் ஒருக்கா வாசலில நிண்டு பாத்திட்டு வாறன்" என்றார் இவர். சரி என்றேன். சுடுதண்ணீர் நன்றாக வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே குளித்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மேசையில் சாப்பாடு மூடியபடி இருந்தது. கதிரை வெறுமையாக இருந்தது. யன்னலைப் பார்த்தேன். யன்னலில் மலை இல்லை. மரம் இல்லை. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் துணியால் மூடிவிட்ட மாதிரிப் பனி.

முதலில் வாசலில் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். வாசலில் இல்லை. திரும்பி அறைக்குள் வந்தேன். அவருடைய போன் சுவரில் சார்ஜில் கிடந்தது. சேர்ட்டு ஆணியில் தொங்கியது. பையைத் தொட்டுப் பார்த்தேன். டொபி அத்தனையும் அதற்குள்ளேயே இருந்தன. அவர் ஊசி போட்ட கையோடு சாப்பிடாமல் போயிருக்கிறார், இனிப்பும் இல்லாமல் போயிருக்கிறார்.

டொபிகளைக் கையில் அள்ளிக்கொண்டு, தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கார அம்மா எதிரே வந்தார். பயப்பட வேண்டாம், இந்தப் பனி கொஞ்ச நேரத்தில் போய்விடும், ஐயா நடந்துவிட்டு வருவார் என்றார். ஊசியைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். காலையிலேயே ஒரு வீட்டைக் கலவரப்படுத்துவதா என்று கூச்சம் வந்து தடுத்தது. "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டு வெளியேறினேன்.

ஒடுங்கிய தார் ரோட்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளம் தெரியவில்லை, அங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். அது தெரிவதை விட மோசம். மண்மேட்டுப் புல்லைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். புல் ஈரமாக, ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. எங்கோ கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன்.

எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வீட்டுக்குள் ஹோலில் இருந்து அறைக்குக் கூப்பிடும் அளவுக்குத்தான் வந்தது. ரோட்டில் நின்று தமிழில் சத்தம் போட என் தொண்டைக்குத் தெரியாது. எந்த வயதிலும் நான் அதைச் செய்ததில்லை. ஒரு நாய் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து என்னை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒரு வளைவில் இரண்டு பெண்கள் எதிர்ப்பட்டார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். முதுகில் கொழுந்துப் பை, இடுப்பைச் சுற்றித் தடித்த பொலித்தீன், குளிருக்குப் புருவம்வரை இழுத்துக் கட்டிய துணி. முகத்தில் மூக்கும் கண்ணும்தான் தெரிந்தன. நானும் துவாய்க்குள் இருந்தேன். குளித்த கையோடு ஓடி வந்ததால் நெற்றியில் பொட்டும் இல்லை.

என் கணவர் இந்தப் பக்கம் போனாரா என்று கேட்டேன். சிங்களத்தில்தான் கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, அதுதான் வந்தது.

மூத்தவளுக்கு என் வயது இருக்கும். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தேடித் தேடி, "மாத்தயா... பஹளட்ட கியா, நோனா" என்றாள். ஐயா கீழே போனார். பனிக்குள் கையைக் காட்டினாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நெற்றியைத் துடைத்துக் காட்டினாள், சொல் அகப்படாமல் கூட வந்தவளைப் பார்த்தாள், இருவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். நெற்றியைத் துடைத்தது பனியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டு ரோட்டோடு கீழே ஓடினேன்.

வளைவுக்குப் பிறகு வளைவு. ஒருவரும் இல்லை. ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி முகத்துக்கு நேரே வந்தது. மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டேன். அது போன காற்றில் பனி ஓரிடத்தில் கிழிந்து, கீழே பள்ளம் தெரிந்தது. எவ்வளவு ஆழம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று குப்புறக் கிடந்தது.

அவருடைய கம்பளிச் சட்டையும் சாம்பல் நிறம்.

ரோட்டிலேயே குந்திவிட்டேன். மகளுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மூடி வைத்த சாப்பாடு ஆறுகிறதே என்றும் நினைத்தேன். பனி மறுபடியும் மூடியது. நான் கண்ணை எடுக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் கிழிந்தபோதுதான் அது ஓர் உரச் சாக்கு என்று தெரிந்தது. அதில் அச்சடித்த எழுத்துகூடத் தெரிந்தது.

அழுகை வந்தது. எழுந்து வந்த வழியே மேலே ஏறினேன். மூச்சு வாங்கியது. வாய் தானாக, "முருகா, என்ர மனுசனைக் காட்டிவிடு. முருகா, ஒருக்காக் காட்டிவிடு" என்று சொல்லிக்கொண்டே வந்தது. நான் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"அம்மா, நீங்க தமிழா?"

அதே பெண்கள். ரோட்டோரத்தில், தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையின் தலைப்பில் நின்றார்கள்.

"ஓம்" என்றேன்.

"அடக் கடவுளே. அத அப்பவே சொல்லக் கூடாதா? சிங்கள நோனாவாக்கும்னு, தெரிஞ்ச நாலு வார்த்தைய வச்சுக்கிட்டு முட்டிக்கிட்டு நின்னேனே. அய்யா கீழ மடுவத்துல ஒக்காந்திருக்காரு. வேர்த்து ஊத்துது, ஒடம்பு முடியல போல. அதத்தான் சொல்ல வந்தேன்."

மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டில். அவள் கீழே என்று காட்டியது இந்தப் பாதையை. நான் ரோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூத்தவள் இறங்கினாள். படிகள் என்று சொல்ல முடியாது, மண்ணில் பதித்த கற்கள். எல்லாம் வழுக்கின. இரு பக்கமும் தேயிலைச் செடி இடுப்பில் உரசி உடுப்பை நனைத்தது. நான் உயரத்துக்குப் பயந்தவள் என்பது அப்போது நினைவில் இல்லை. அவருக்குச் சீனி வருத்தம், ஊசி போட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டார் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவள் நின்று, கையை வாயருகே குவித்து, பனிக்குள் குரல் கொடுத்தாள். அந்த மெலிந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏ அக்கா, வீட்டம்மா வந்துட்டாங்க. அய்யாவ எங்கயும் போக விட்றாத."

பிறகு கீழேயிருந்து ஒரு கிழட்டுக் குரல் ஏறி வந்தது.

"அவரு எந்திரிச்சுப் போகப் பாக்குறாருடி."

"புடிச்சு வைய்யி."

"தொரை மாதிரி இருக்காரு, நான் எப்படிப் புடிக்க?"

"கூடைய வச்சாச்சும் மறியேன்."

என்னோடு வந்தவள் இன்னும் வேகமாக இறங்கினாள். மடுவத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அங்கே பள்ளம் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

தகரக் கூரை போட்ட கொட்டில். அவர் அதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் பூசிய மாதிரி. கம்பளிச் சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவருக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, உண்மையாகவே ஒரு கூடையை நெஞ்சுக்கு நேரே பிடித்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் பின்னால் பலகை வாங்கில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறிப்போய் இருந்தது.

"சீனி போட்டுத்தான் குடுத்தேன்மா. வேணாம்னுட்டாரு. சிங்களத்துலயே சொல்றாரு, எப்பா எப்பான்னு" என்றாள் அந்த அம்மா.

நான் கிட்டப் போனேன். அவர் என்னைப் பார்த்தார். ஆனால் நானென்று தெரிந்து பார்க்கவில்லை. "சீனி எப்பா" என்றார் எனக்கும். சீனி வேண்டாம். எங்கே போனாலும், யார் வீட்டில் கேட்டாலும், வருடக்கணக்காக அவர் சொல்லிப் பழகியது அது ஒன்றுதான். மூளைக்குள் மற்றதெல்லாம் அணைந்த பிறகும் அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதையும் தெரியாதவர்களுக்குச் சொல்கிற பாஷையில் சொன்னார். நான் அவருக்குத் தெரியாதவளாகிவிட்டேன்.

டொபியை உரித்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தட்டிவிட்டார். அது சேற்றில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. வாங்கில் இருந்த தேத்தண்ணீரை எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூடையைத் தாண்டி ஓர் அடி வைத்தார்.

"குடியுங்கோ" என்றேன்.

அது குசினிக் குரல். அவருக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. "வாயைத் திறவுங்கோ. நான் சொல்லுறன், வாயைத் திறந்து இதைக் குடியுங்கோ." கத்தினேன். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பனிக்குள் எங்கோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றது. கூடையோடு நின்ற அம்மாவே ஓர் அடி பின்னுக்குப் போனாள்.

அவர் திடுக்கிட்டு வாயைத் திறந்தார். கோப்பையைப் பல்லோடு சேர்த்துப் பிடித்துச் சாய்த்தேன். பாதி கழுத்து வழியே போனது, பாதி உள்ளே போனது. வயதான அம்மா போத்தலில் இருந்து இன்னொரு கோப்பை ஊற்றி, தாளில் சுற்றி வைத்திருந்த சீனி முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கித் தந்தாள். அதையும் பருக்கினேன். வாங்கில் இருத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூத்த பெண் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் கண் தெளிந்தது. பிறகு முகத்தில் நிறம் வந்தது. அவர் என்னையும், பெண்களையும், தன் நனைந்த சட்டையையும் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"ஏன் இப்பிடிக் கத்துறீர்? சனம் பாக்குது."

நான் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதேன். பெண்கள் சிரித்தார்கள். கத்தினால்தான் ஆம்பிளைகளுக்குக் கேட்கும், தங்கள் லயத்து வீடுகளிலும் அப்படித்தான் என்று கூடைக்கார அம்மா சொன்னாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். வாசலில் நின்றவருக்கு இன்னும் கொஞ்சம் கீழே போனால் மலை முழுதாகத் தெரியும் என்று பட்டிருக்கிறது. இறங்கிய பிறகு பனி வந்துவிட்டது. தலை சுற்றி இங்கே வந்து இருந்ததுவரை ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எழுந்து எங்கே போகப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு என்றார். அவர் கால் வைத்த பக்கத்தில் கொட்டிலுக்கு அப்பால் செடி இருக்கவில்லை, வெறும் பள்ளம்தான்.

மேலே கொண்டுவந்து விட்டது அந்த மூத்த பெண்தான். படியேறும்போது கேட்டாள்.

"ஏம்மா, கொழும்புல தமிழ் பேச மாட்டாங்களா?"

"கதைப்பம்" என்றேன். பிறகு, "வீட்டுக்குள்ள" என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை என்று நினைக்கிறேன். விளங்கியும் இருக்கலாம். மேலே வந்ததும், பிந்தினால் கங்காணி ஏசுவார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கையில் மிஞ்சியிருந்த டொபியை அவளுக்குக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மீதி நேரம் முழுக்க அறைக்குள்ளேயே இருந்தோம். வெயில் மறுபடியும் எறித்தது. மகளுக்கு அனுப்ப அவர் யன்னலில் நின்று படம் எடுத்தார். நான் கதவைப் பூட்டி, திறப்பை எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அவர் நித்திரையானார். நான் பள்ளத்தைப் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கொழும்புக்கு வந்தேன். மகளுக்கு இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை. படங்கள் நன்றாக இருக்கின்றன என்றாள்.

இந்த வருடக் கலண்டரிலும் தேயிலைத் தோட்டம் வந்தது. அதைக் கிழித்து எறியவில்லை. ஆனால் பயம் போகவில்லை. இப்போது சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் ஊசி. அப்படியிருந்தும் காலையில் அறைக்குள் அவருடைய சத்தம் கொஞ்சம் நின்றால், குசினியிலிருந்து "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுகிறேன். பதில் வராவிட்டால் இன்னும் பலமாகக் கூப்பிடுகிறேன். மாடிப்படியில் போகிறவர்களுக்கும் கேட்கும் என்று தெரியும்.

"மெதுவாக் கூப்பிடும், கீழ் வீட்டுக்குக் கேக்கப்போகுது" என்று அவர் அறைக்குள் இருந்து முணுமுணுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்புப் பக்கம் திரும்புவேன்.